கோட்டுக்கு இந்தப் பக்கம்

எங்கள் தெருவில் மற்ற ஆண்கள் வீடு திரும்பும் நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்புவார். அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவர் மாட்டிக்கொண்டிருப்பார். "என்ன, கிளம்பியாச்சா?" என்று அவர்கள் கேட்பார்கள். "என்ன, வந்தாச்சா?" என்று இவர் கேட்பார். அவர்களோடு இவர் பேசும் பேச்சு இவ்வளவுதான்.

ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் வேலை. பொழுது சாயும்போது போய் மோட்டாரைப் போட்டு, மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பி, விடியும் நேரத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் வால்வைத் திறந்துவிட வேண்டும். ஒரு தெருவுக்குத் தண்ணீர் போதவில்லை என்று புகார் வந்தால், தன் வீட்டுப் பிள்ளை பட்டினி கிடந்ததுபோல அன்று முழுவதும் முகம் வாடியிருக்கும். காலையில் வந்ததும் குளித்து, சாப்பிட்டு, ஜன்னலில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். அவர் தூங்கும்போது பாத்திரம் சத்தம் போடாமல் கழுவுவதற்கு நான் பழகிக்கொண்டேன். கீழே ஒரு பழைய துண்டை விரித்துப்போட்டுவிட்டால் ஒரு கரண்டிகூடப் பேசாது.

எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது, குடும்பத்தைப் படம் வரைந்து வரச் சொன்னார்கள் பள்ளிக்கூடத்தில். என்னை அடுப்படியில் நிற்க வைத்திருந்தாள். தன்னை நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். அப்பாவை மட்டும் தரையோடு தரையாக, நீளமாக, படுக்க வைத்திருந்தாள். டீச்சர் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுக்காரருக்கு உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டார்கள். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோது இவரும் சிரித்தார். ஆனால் அந்தப் படத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இப்போது மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்குகிறார்.

எனக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. கடவுள் கொடுத்ததற்கு நன்றி சொல்லித்தான் தினமும் கண் மூடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் மனதில் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. பொழுது சாயும் நேரத்தில், விளக்கு போடுகிறார்களே அந்த வேளையில், இவரோடு கடைத்தெரு வரை நடந்து போய்த் திரும்பி வர வேண்டும். எதையும் வாங்குவதற்கல்ல. கையில் பைகூட இருக்கக் கூடாது. சும்மா, கையை வீசிக்கொண்டு, "அந்தக் கடைக்குப் புதுசா வெள்ளையடிச்சிருக்காங்க பாருங்க" என்று ஏதாவது ஒன்றுக்கும் உதவாததைப் பேசிக்கொண்டு நடக்க வேண்டும். விடுப்பு நாளில் நடக்கலாமே என்பீர்கள். வாரமெல்லாம் ராத்திரி விழித்த உடம்பு, விடுப்பு நாளில் சாயந்திரம் ஆனதும் சாக்கு மூட்டைபோலச் சாய்ந்துவிடும். எழுப்ப மனசு வராது.

பகல் வேலைக்கு மாற வழியே இல்லாமல் இல்லை. ஃபோர்மேன் ஆனால் பகல் வேலை. சம்பளமும் கூடும். அந்த இடம் இவரைத் தேடி வந்தது. அதுவும் ஒரு தடவை அல்ல. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குக் காரணம் கோடு.

கோடு என்றால் வருமான வரிக் கோடு. வருஷச் சம்பளம் இவ்வளவுக்கு மேல் போனால் வரி என்று அரசாங்கம் ஒரு அளவு வைத்திருக்கிறது அல்லவா, அதைத்தான் பம்ப் ஹவுஸில் அப்படிச் சொல்வார்கள். இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே ஒருவர் ஃபோர்மேன் ஆனார். வருஷக் கடைசியில் அவருக்குச் சம்பளம் கொடுத்தபோது கையில் வந்தது முன்பு வாங்கியதில் பாதிகூட இல்லையாம். வரிக்குப் பிடித்துவிட்டார்களாம். சம்பள ஜன்னல் முன்னால் அந்த மனுஷன் உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். அன்றைக்கு முடிவு கட்டிவிட்டார்கள்: கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவரை வாங்குவது நம்முடையது, கோட்டை ஒரு காலால் தொட்டால்கூட மொத்தச் சம்பளத்துக்கும் வரி, ஏறின ஆள் ஏறாத ஆளைவிடக் கீழே போய்விடுவான்.

அதன் பிறகு அதுவே அங்கே வழக்கமாகிவிட்டது. வருஷக் கடைசி நெருங்கினால் யாரும் கூடுதல் நேரம் பார்க்க மாட்டார்கள். "நான் கோட்டுக்கிட்ட இருக்கேன், நீ பாரு" என்பார் ஒருவர். "நானே ஒட்டிக்கிட்டு நிக்கிறேன், என்னைத் தள்ளிவிடாதே" என்பார் மற்றவர். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்கள் எல்லாம் அந்த மாதத்தில் இருமுவார்கள். ஃபோர்மேன் இடம் காலியானால் வெளியூரிலிருந்துதான் ஆள் வருவார். பம்ப் ஹவுஸ்காரர்களுக்குப் பொறுப்பு எடுக்கத் தைரியமில்லை என்று மேலே உள்ளவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இவர்களும் தாங்கள் பயப்படுவது எதற்கு என்று வாய் திறந்து சொன்னதில்லை. வரிக்குப் பயப்படுகிறேன் என்று அதிகாரியிடம் எந்த ஆம்பிளை சொல்வான்?

போன வருஷம் அந்த இடம் மறுபடியும் காலியானது. இன்ஜினியர் அம்மா இவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இவருக்கு ஒரு படி மூத்தவர் அங்கே ஒருவர் உண்டு. மீசைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவரிடம் முதலில் கேட்டு அவர் மாட்டேன் என்றதால்தான் இவரிடம் கேட்டது. இவரும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து என்னிடம் சொன்னார். அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தேன்.

அந்த வார விடுப்பு நாளில் என் தம்பி சாப்பிட வந்தான். அவனுக்குப் பெயின்ட் கடை. நல்ல ஓட்டம். வாய் அதைவிட நல்ல ஓட்டம். கைகழுவிவிட்டு உட்கார்ந்ததுமே வரியைப் பற்றி ஆரம்பித்துவிட்டான். அவன் கடைக்கு அந்த வாரம் வரி அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனாராம். வருமான வரி என்ற ஒன்றையே ஒழித்துக்கட்ட வேண்டும் என்றான். அது உழைக்கிறவனுக்குப் போடுகிற அபராதமாம். இவரைப் போன்ற சம்பளக்காரர்களைப் பிடித்துக்கொள்கிறார்கள், தன்னைப் போல் கடை வைத்திருப்பவன் நினைத்தால் பாதியை மறைத்துவிடலாம், பிறகு எதற்கு இந்தக் கண்துடைப்பு என்றான். எல்லாவற்றையும் சாமான் விலையில் போட்டுவிட்டால் யாரும் தப்ப முடியாது, வாங்குகிறவன் கட்டட்டும், வேண்டாதவன் வாங்காமல் இருக்கட்டும் என்றான்.

"மறைக்கிறதை நீயே சொல்லிட்டு, அதுக்கு வரியை ஒழிக்கணும்ங்கிறியேடா" என்றேன் நான்.

"அக்கா, நான் பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா யாரு மறைக்கிறாங்க, உன் கடையிலதானே?"

இவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். இவர் விவாதம் செய்கிற ஆள் இல்லை. ஆனால் அன்று என்னவோ பேசினார். எதிர்வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார்கள். புருஷன் இல்லை. சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறார்கள். அவர்களைக் கைகாட்டித்தான் சொன்னார்.

"மாப்பிள்ளை, அந்த அக்கா வாங்குற சோப்பும் நீ வாங்குற சோப்பும் ஒரே விலைதான். விலையில வரியைப் போட்டா உனக்கு அது கொசு கடிச்ச மாதிரி. அவங்க அந்த வாரம் துணி துவைக்கிறதைத் தள்ளிப் போடுவாங்க. இருக்கிறவன்கிட்ட கொஞ்சம் பங்கு கேக்கிறது தப்பில்ல. நாம ஏத்துற தண்ணிக்கே அந்தக் காசுதானே மின்சாரம் கட்டுது."

"அப்ப உங்களுக்கு வருமான வரி நியாயமாப் படுதா மாமா?"

"பங்கு கேக்கிறது நியாயம். ஏறினவனைப் பிடிச்சு ஏறாதவனுக்குக் கீழ தள்ளுறதுதான் அநியாயம். கோட்டைத் தாண்டினா மொத்தத்துக்கும் பிடிக்கிறானே, அது என்ன கணக்கு?"

தம்பி கையில் எடுத்த உருண்டையை வாயில் போடாமல் நிறுத்தினான்.

"மொத்தத்துக்குமா? யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும். எல்லாருக்கும் தெரியும்."

"மாமா, கோட்டுக்கு மேல இருக்கிறதுக்கு மட்டும்தான் வரி. அதுலயும் ஒரு பங்குதான். கீழ இருக்கிறதைத் தொடவே மாட்டாங்க. அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நானே கொஞ்சமாவது ஒழுங்காக் கட்டுறேன்."

இவர் அவனையே பார்த்தார். அவன் தண்ணீர்ச் செம்பை இழுத்து வைத்து, தொட்டி நிரம்பினால் மேலே ஒரு குழாய் வழியாக வழியுமே, அதுபோலத்தான் என்று விளக்க ஆரம்பித்தான். பம்ப் ஹவுஸ்காரருக்குத் தொட்டியை வைத்தா பாடம் நடத்துவது? இவர் கையை நீட்டி அவனை நிறுத்தினார்.

"புரிஞ்சுது. வழியறது போகும். தொட்டி காலியாகாது."

அதற்குப் பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. தம்பி ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக் கொஞ்ச நேரத்தில் கிளம்பிப் போனான். அவனுக்கு எப்படித் தெரியும்? எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று அவன் நினைத்திருந்தான். இவர்களும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

இவர் பின்பக்கம் குழாயடியில் போய் உட்கார்ந்தார். சுத்தமாக இருந்த சாப்பாட்டுக் கேரியரை எடுத்து மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். எத்தனை சாயந்திரம் போயிற்று என்று இரண்டு பேருமே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னும் யாரையும் போடலைன்னுதானே சொன்னீங்க" என்றேன். "நாளைக்குக் காலையிலேயே இன்ஜினியர் அம்மாகிட்ட போய்க் கேட்டுட்டு வாங்க."

"மீசைக்காரர்கிட்ட சொல்லணும் முதல்ல."

"எதை?"

"இந்தக் கோட்டு விஷயத்தை. அவரும் இதுக்குப் பயந்துதான் வேண்டாம்னாரு. அவருக்குத்தான் முதல் உரிமை."

நான் குழாயை மூடினேன். "நீங்க பொய் சொல்ல வேண்டாங்க. கேட்டு வாங்கிட்டு அப்புறம் சொல்லுங்களேன். ரெண்டு நாள் கழிச்சுச் சொன்னா என்ன குறைஞ்சிடும்?"

கேரியர் மூடியைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தெரியாம இருந்தவரைக்கும் அது பயம். தெரிஞ்ச பிறகு வாயை மூடிட்டு இருந்தா அதுக்குப் பேர் வேற" என்றார். என் முகத்தைப் பார்க்காமல், "உனக்குச் சாயந்திரம் வேணும்னு எனக்குத் தெரியும்" என்றும் சொன்னார்.

நான் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. அன்று கடவுள் முன்னால் கண்ணை மூடினேன்; என்ன கேட்பது என்றே வரவில்லை. இவருக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று கேட்க வாய் திறந்தால், இவர் இவராகவே இருக்க வேண்டும் என்றும் கேட்கத் தோன்றியது. இரண்டும் ஒன்றையொன்று இடித்தன. நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் நடந்ததை இவர் வந்து சொன்னார். மீசைக்காரர் முதலில் நம்பவே இல்லையாம். "உன் மச்சான் பெயின்ட்ல தண்ணி கலக்குறவன். அவன் சட்டத்துலயும் தண்ணி கலந்திருப்பான்" என்று சிரித்தாராம். இவர் அவரைச் சம்பள ஜன்னலுக்கே கூட்டிப்போய்க் கேட்டிருக்கிறார். தம்பி சொன்னதுதான் சரி என்றாராம் அங்கிருந்த கிளார்க். அந்தப் பழைய ஃபோர்மேன் கதையைக் கேட்டதும் அவர் தலையில் அடித்துக்கொண்டாராம். மாதாமாதம் பிடித்திருக்க வேண்டிய வரியைப் பிடிக்க மறந்து, வருஷக் கடைசியில் ஒரேயடியாகப் பிடித்ததால் வந்த வினையாம் அது. அடுத்த மாதம் அந்த மனுஷனுக்கு முழுச் சம்பளம் வந்திருக்கிறது. அதைப் பார்க்க மட்டும் ஜன்னல் பக்கம் ஒருத்தரும் நிற்கவில்லை.

மீசைக்காரர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். மீசையைத் தடவிக்கொண்டு, "என் பொண்டாட்டி என்னை அடிக்கப் போறா" என்றாராம். பிறகு, "நீதானே கண்டுபிடிச்சே, நீயே எடுத்துக்கோ" என்றும் சொன்னாராம்.

"எத்தனை தடவை சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஒரு தடவைதான்."

ஒரு தடவை சொன்னதே பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். இன்ஜினியர் அம்மாவிடம் இரண்டு பேரும் போய் நின்றபோது, நேற்றுவரை ஆளே கிடைக்கவில்லை, இன்று இரண்டு பேர் வந்து நிற்கிறீர்களே என்று கேட்டார்களாம். இவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றாராம். மீசைக்காரர் ஃபோர்மேன் ஆனார்.

அவர்கள் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. இப்போதெல்லாம் விளக்கு போடும் வேளையில் அவரும் அவர் மனைவியும் எங்கள் தெரு வழியாக நடந்து போகிறார்கள். கையில் பை இல்லை. அவர் கொஞ்சம் முன்னால் நடந்துவிட்டு, நின்று, அந்த அம்மா வந்து சேர்ந்ததும் மறுபடி நடப்பார். சேர்ந்து நடந்து பழக்கமில்லை, பாவம். அந்த அம்மா என் வாசலில் நின்று, "உங்க வீட்டுக்காரர் புண்ணியத்துலதான் இந்த நடை" என்று ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சந்தோஷம் என்றேன். சந்தோஷம்தான். ஆனாலும் அவர்கள் திரும்பி வரும் நேரத்தில் நான் வீட்டுக்குள் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன்.

முதல் தடவை வரி பிடித்ததும் மீசைக்காரர் எங்கள் வாசலில் நின்று புலம்பினார். உழைத்த காசை உருவுகிறார்கள், என் தம்பி சொன்னதுதான் சரி, சாமானிலேயே போட்டுத் தொலையட்டும் என்றார். அவர் மனைவி பின்னாலிருந்து, "சாமான் வாங்குறது நான்தான், எனக்குத் தெரியும், பேசாம நடங்க" என்றார்கள். அவர் மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டு நடந்தார்.

வரியின் நியாயம் அநியாயத்தைப் பற்றிப் படித்தவர்கள் பேசுவார்கள். எனக்குத் தெரிந்தது என் வீடுதான். உப்பு வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் விலையோடு கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார்கள். உன் வீட்டில் எத்தனை வாய், உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வருமான வரி ஒன்றுதான் வாசலில் நின்று, உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கேட்கிறது. கேட்டுவிட்டு, வயிற்றுக்கு வேண்டியதைத் தொடாமல் மேலே இருப்பதில் ஒரு பங்கை எடுக்கிறது என்றால், அதில் எனக்குக் குறை தெரியவில்லை. என் தம்பி போன்றவர்களிடம் அது இன்னும் கொஞ்சம் கண்டிப்பாகக் கேட்டால் நல்லது; அவன் இதைப் படித்தாலும் பரவாயில்லை. ஆனால் கேட்பதைப் புரியும்படிச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து அரசாங்கம் வருமான வரி என்று ஒரு காசு வாங்கியதில்லை. எங்கள் சாயந்திரங்கள் மட்டும் போய்விட்டன. அவை யாருடைய கஜானாவுக்கும் போகவில்லை.

சில நாள் முன்பு இவர் கேரியரை எடுத்தபோது நான் வாங்கிக்கொண்டேன்.

"என்ன?"

"நானும் பம்ப் ஹவுஸ் கேட் வரைக்கும் வர்றேன்."

"எதுக்கு? கால் வலிக்கப்போவுது. அங்க என்ன வேலை உனக்கு?"

"ஒரு வேலையும் இல்ல. சும்மா."

அவருக்குப் புரிந்துவிட்டது. கதவைப் பூட்டினார். தெருவில் ஆண்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். "என்ன, ரெண்டு பேரும் கிளம்பியாச்சா?" என்று ஒருவர் கேட்டார். இவர் வெட்கப்பட்டுத் தலையை ஆட்டினார். கடைத்தெரு இந்தப் பக்கம் இல்லை. இது தொட்டிக்குப் போகும் வழி. ஒரு சைக்கிள் கடை, ஒரு மூடிக்கிடக்கும் மில், பிறகு மதில். சைக்கிள் கடைக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். நான் அதைச் சொன்னேன். "ஆமா, பார்த்தேன்" என்றார். அவர் தினமும் பார்க்கிற கடைதான். ஆனாலும் நின்று இன்னொரு தடவை பார்த்தார்.

கேட்டில் கேரியரை அவர் கையில் கொடுத்தேன். மேலே, பகலிலேயே நிரம்பிவிட்ட ஒரு தொட்டியின் பக்கவாட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் நூலாக வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடி சொன்னார்.

"மீசைக்காரர் ரிட்டயர் ஆகட்டும். அப்புறம் பாரு, நானும் வரி கட்டுறேன்."

அவர் ரிட்டயர் ஆகி, இவர் ரிட்டயர் ஆக இடையில் கொஞ்ச காலம்தான் இருக்கும். அது இவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். "கட்டுங்க" என்றேன்.

இப்போது தினமும் கேட் வரை போகிறேன். திரும்பி வரும்போது தனியாகத்தான் நடக்க வேண்டும். சைக்கிள் கடையைத் தாண்டும்போது பின்னால் மோட்டார் போடும் சத்தம் கேட்கும், அவர் கைதான். அந்தச் சத்தம் காதில் இருக்கிறவரை மெதுவாக நடப்பேன். நடக்கும்போதே ஜெபம் செய்வேன். என் புருஷன் சம்பளத்தில் சீக்கிரம் வரி பிடிக்க வேண்டும், ஆண்டவனே என்று கேட்கிறேன்.